அடுத்தவர் பெயரில் ஒரு வணக்கம்

ஒரு கம்பெனி முதலாளி படியேறி வந்த வேகத்தைப் பார்த்ததுமே கொழுந்தனுக்குக் குஷி பிறந்துவிட்டது. அண்ணியிடம் வழக்கு எதுவும் வராமல் பல நாளாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். காரைத் துடைத்துத் துடைத்தே பெயின்ட் தேய்ந்து போயிருந்தது. அண்ணி ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்தவள். இப்போது வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டுத் துப்பறிகிறாள். கார் ஓட்டுவதும் அவசரப்பட்டு முடிவுக்கு வருவதும் கொழுந்தனின் இலாகா.

வந்தவர் பேக்கரிகளுக்கு அடுப்பு செய்து விற்பவர். உட்காரும் முன்பே புலம்ப ஆரம்பித்தார்.

"முன்பின் தெரியாத பேக்கரிகளோட மெயில் விலாசத்தைத் திரட்டி, 'இப்படி ஒரு கம்பெனி இருக்கோம்'னு எழுதுவோம்மா. அனுப்பறதுக்கு முன்னாடி பட்டியலைச் சுத்தம் பண்ணணும். மெயில் போய்ச் சேராத செத்த விலாசம், ரெண்டு தடவை வந்தது, 'எனக்கு அனுப்பாதே'ன்னு சொன்னவங்க, எல்லாத்தையும் தள்ளணும். அதுக்குன்னே ஒரு பொண்ணு இருக்கா. ஆபீஸ்ல அவளுக்குச் சல்லடைன்னு பேரு."

"பொருத்தமான பேருதான்," என்றாள் அண்ணி.

"என்ன பொருத்தம்! முந்தாநாள் போன மெயில் அத்தனையும் பேர் மாறிப் போயிருக்கு. பொம்பளைக்கு ஆம்பளை பேரைச் சொல்லி வணக்கம்! கோவத்துல ஆளாளுக்கு ஸ்பாம்னு அமுக்கிட்டாங்க. மெயில் கம்பெனி எங்க கணக்கையே பூட்டிருச்சு. எவனோ போட்டிக்காரன்கிட்ட கைநீட்டிட்டு வேணும்னே செஞ்சிருக்கா. நேத்து எல்லார் முன்னாடியும் நிக்க வச்சுக் கேட்டேன். அழறாளே தவிர ஒத்துக்கலை. நீங்க ஆதாரம் எடுத்துக் கொடுங்க, சாயங்காலமே போலீஸ்ல புகார் கொடுத்துடறேன்."

"அப்படி ஒரு கெட்ட பேரோட வெளிய போனா யாரு வேலை கொடுப்பாங்க அவங்களுக்கு?"

"எனக்கே மனசு சரியில்லைம்மா. பேக்கரித் தொழிலே படுத்துருச்சு. என் தம்பியே கடையை மூடிட்டான்."

"அவரே சொன்னாரா?"

"நாங்க பேசி வருஷக்கணக்காச்சு. தெரிஞ்சுது, அவ்வளவுதான்." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

பிறகு மேலாளருக்குத் தகவல் சொல்லப் போனை எடுத்தார். முதல் பெயரிலிருந்து ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனார். அவர் எண்ணைக் கண்டுபிடிப்பதற்குள் கொழுந்தன் காரை வெளியே எடுத்து, திருப்பியும் நிறுத்திவிட்டான்.

அலுவலகம் ஒரே நீளக் கூடம். கடைசி மேசையில் சல்லடை உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். கண் இரண்டும் வீங்கியிருந்தன. பக்கத்து நாற்காலிக்காரி தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தாள். முதலாளி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நீங்க எப்படி வேலை செய்வீங்கன்னு சொல்லுங்க," என்றாள் அண்ணி.

"நான் எதையும் அழிக்க மாட்டேங்க. ஒவ்வொரு வரியிலயும் பேர், மெயில் விலாசம், பக்கத்துல என் குறி. 'நல்லது', இல்லைன்னா 'செத்தது'. நல்லதுக்கு மட்டும்தான் மெயில் போகும். கடை இருக்கிற ஊர் வாரியா அடுக்கியிருப்பேன். முதல் நாள் சாயங்காலம் சரிபார்த்துட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். பேரெல்லாம் அது அது இடத்துலதான் இருந்துச்சு."

"மறுநாள் காலையில நான்தான் அனுப்பினேன்," என்று குறுக்கிட்டார் மேலாளர். "திறந்து பாக்கலை. இவ பாத்திருப்பான்னு விட்டுட்டேன். நான் லோலோன்னு அலைஞ்சு சேர்க்கற பட்டியல்ல கால்வாசியை இவ தூக்கிப் போட்டுடுவா. பேரையாவது ஒழுங்கா வச்சிருக்கக் கூடாதா?"

கொழுந்தன் அண்ணியின் காதருகே குனிந்தான். "இவன்தான் அண்ணி. வயித்தெரிச்சல்ல செஞ்சிருக்கான்."

"கொஞ்சம் மூச்சு விடு," என்றாள் அண்ணி. "பட்டியலை யாரெல்லாம் திறக்கலாம்?"

"முதலாளி, நான், இவ. மூணு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதனால யார் தொட்டாங்கன்னு தெரியாது."

"போய்ச் சேராம திரும்பி வந்த மெயில் எத்தனை?"

"ஒண்ணுகூட இல்லை," என்றாள் சல்லடை. அவ்வளவு அழுகைக்கு நடுவிலும் அதைச் சொல்லும்போது அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அண்ணி, போன மின்னஞ்சல்களை அனுப்பிய வரிசையிலேயே கொழுந்தனை வாசிக்கச் சொன்னாள். வணக்கம் சொன்ன பெயர்களை அவன் வாசித்துக்கொண்டே போனான். முதலில் எல்லாம் அகரத்தில் தொடங்கின. கீழே போகப் போக ஆ வந்தது, இ வந்தது.

"என்ன அண்ணி, டெலிபோன் டைரக்டரி மாதிரி இருக்கு?"

"அப்படியா?" என்றாள் அண்ணி, ஒன்றும் தெரியாதவள் போல. பிறகு மேலாளரிடம், "முதலாளியோட தம்பி கடை இதுல இருக்கா?" என்று கேட்டாள்.

மேலாளர் இரண்டு எழுத்தைத் தட்டினார். பெயர் பளிச்சென்று வந்து நின்றது. பக்கத்தில் 'செத்தது' என்றிருந்தது. "மூடிட்டாரு போல," என்றார். சல்லடை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணி கையமர்த்திவிட்டு, கொழுந்தனை அந்தக் கடைக்கே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.

வாசல் காவலாளி வழி சொன்னார். பூட்டிய கதவை எதிர்பார்த்துப் போன கொழுந்தனுக்குக் கடைக்குள் நுழையவே இடம் கிடைக்கவில்லை. அப்படி ஒரு கூட்டம். கல்லாவில் இருந்தவருக்கு முதலாளியின் அதே மூக்கு, அதே முணுமுணுப்பு. அடுப்புக் கம்பெனி என்று பேச்செடுத்ததுமே அவர் தன் போனை நீட்டினார். அதில் அண்ணன் கம்பெனியின் மின்னஞ்சல், வேறு யாரோ ஒருவர் பெயருக்கு வணக்கத்தோடு.

"ஒரே தட்டுல சாப்பிட்டவங்க நாங்க," என்றார் அவர். "என் பேருகூட மறந்துபோச்சு பாருங்க அவருக்கு."

கொழுந்தன் ஒரு பொட்டலம் பன் வாங்கிக்கொண்டு திரும்பினான். விஷயத்தைக் கேட்டதும் அண்ணி எல்லோரையும் முதலாளியின் அறைக்கு அழைத்தாள்.

"இந்தப் பொண்ணு தன் வேலையைப் பிசகில்லாம செஞ்சிருக்கு," என்று ஆரம்பித்தாள். "ஒரு மெயில்கூடத் திரும்பலை. அதாவது விலாசமும் குறியும் ஒண்ணோட ஒண்ணு சரியா இருந்திருக்கு. நகர்ந்தது பேர் மட்டும்தான். அதுவும் அகர வரிசையில. கெடுக்கணும்னு நினைக்கிறவன் இவ்வளவு அழகா அடுக்கியா கெடுப்பான்? யாரோ ஒரு பேரைத் தேடியிருக்காங்க. தேட வசதியா இருக்கட்டும்னு பேரை மட்டும் வரிசைப்படுத்தியிருக்காங்க. பக்கத்துல இருந்த விலாசமும் குறியும் கூட வரலை."

"மேலாளர்?" என்றான் கொழுந்தன், விடாமல்.

"அவர் ரெண்டு எழுத்தைத் தட்டினா பேர் வந்துடுது. அவருக்கு எதுக்கு வரிசை? அனுப்பறதுக்கு முன்னாடி பாக்காதது மட்டும் அவர் தப்பு. இந்தப் பொண்ணுக்குப் பேரே தேவையில்லை, விலாசத்தோட மட்டும்தான் வேலை. மூணாவது ஆள் ஒருத்தர் இருக்கார். போன்ல ஒரு நம்பர் வேணும்னாக்கூட முதல் பேர்லேர்ந்து தள்ளித் தள்ளித் தேடறவர்."

முதலாளியின் முகம் வெளிறியது.

"தம்பி கடை மூடியாச்சுன்னு உங்களுக்கு யாரும் சொல்லலை சார். இந்தப் பட்டியல்ல பார்த்தீங்க. அவர் பேருக்குப் பக்கத்துல 'செத்தது'ன்னு இருந்துச்சு. பேரை நீங்க நகர்த்தினதால, வேற யாரோட குறியோ அங்க வந்து நின்னுது. அனுப்பறதுக்கு முதல் நாள் ராத்திரிதானே?"

"நான் சும்மா பாக்கத்தான் திறந்தேன்," என்றார் முதலாளி. "பொழைச்சுக் கிடக்கானான்னு பாக்கத்தான். அதைப் பாத்ததுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலைம்மா."

கொழுந்தன் பொட்டலத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தான். "கடையில நிக்க இடமில்லை சார். உங்க மெயிலும் அவருக்குப் போயிருக்கு, வேற பேர்ல. அண்ணனுக்கு என் பேரே மறந்துபோச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கார்."

முதலாளி ஒரு பன்னைக் கையில் எடுத்தார். பிறகு சல்லடையின் பக்கம் திரும்பினார். "என்னை மன்னிச்சிடும்மா."

"இங்க வேணாம் சார்," என்றாள் அவள். "நேத்து என்னை எங்க நிக்க வச்சீங்களோ, அங்க வந்து கேளுங்க."

முதலாளி எழுந்து கதவைத் திறந்து கூடத்தின் நடுவே போய் நின்றார். தட்டச்சுச் சத்தம் ஒவ்வொரு மேசையாக அடங்கியது.

"தப்பு என்னோடது," என்றார். "இந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லை. அநியாயமாத் திட்டிட்டேன். எல்லாரும் கேட்டுக்குங்க."

பக்கத்து நாற்காலிக்காரி சத்தமில்லாமல் தன் நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டாள். சல்லடை உட்கார்ந்து பட்டியலைத் திறந்தாள். பெயர்களை அவரவர் விலாசத்தோடு சேர்க்க வேண்டும். மெயில் கம்பெனி கணக்கைத் திறந்துவிட்டதும் எல்லோருக்கும் மன்னிப்புக் கடிதம் போக வேண்டும். முதலாளி அவள் மேசையருகிலேயே தயங்கி நின்றார்.

"தம்பிக்கும் ஒண்ணு அனுப்பிடும்மா. நல்லபடியா, சரியான பேர் போட்டு."

சல்லடை அந்த வரியைத் தேடி எடுத்து, அனுப்பும் வரிசையிலிருந்து தள்ளி வைத்தாள்.

"அவருக்குப் போகாது சார்."

"ஏன்? விலாசம் நல்லதுதானே?"

"விலாசம் நல்லதுதான். ஆனா இது முன்பின் தெரியாதவங்களுக்கு அனுப்பற பட்டியல்."

முதலாளி சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பிறகு கொழுந்தனிடம் வந்து, அந்தக் கடைக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டார்.