கடலில் விழுந்த தில்லைநாதனின் விமானம்

வலையில் சிக்கி வந்த தகரத்தில் ஒரு சிப்பிகூட ஒட்டியிருக்கவில்லை. அதுதான் அஃப்சலை முதலில் உறுத்தியது. பரங்கிப்பேட்டைக் கடலில் மூழ்கிப்போன நங்கூரத்தையும் என்ஜினையும் எடுத்துக் கொடுப்பது அவன் தொழில். ஆறு மாதம் கிடந்த இரும்பே சிப்பி மூடி அடையாளம் தெரியாமல் போய்விடும். இதுவோ எண்பது வருடம் கிடந்த விமானத்தின் இறக்கைத் துண்டு. நேற்றுத்தான் துடைத்து வைத்ததுபோல் பளபளத்தது.

"எங்க அப்பாவோட பிளேன்தான்," என்றார் ராஜவேல். எழுபது வயது. சிதம்பரத்திலிருந்து காரில் வந்திருந்தார்.

அவருடைய அப்பா, நடிகர் தில்லைநாதனைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் இல்லை. இரண்டு படத்தில் பேர் வாங்கிய கையோடு, உலகப் போர் சமயத்தில் விமானப்படையில் பைலட்டாகச் சேர்ந்தவர். விமானம் இந்தக் கடலில் விழ, பாராசூட்டில் குதித்து, நீந்திக் கரையேறி, அப்புறம் நூறு படம் நடித்து, வயதாகி வீட்டுக் கட்டிலில் செத்துப்போனவர். அவர் பேரில் கட்டும் மண்டபத்தில் வைக்க அந்த விமானம் வேண்டுமாம்.

காலை பத்து மணி. வலை சிக்கிய இடத்தில் படகை நிறுத்தி, அஃப்சலின் மச்சான் முஹம்மது ஆசிக் காற்று மோட்டாரை ஓடவிட்டான். அஃப்சல் காற்றுக் குழாயை வாயில் கவ்வப் போகும்போது, படகில் கூடவே வந்திருந்த ராஜவேல் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"உள்ள யாரும் இருக்க மாட்டாங்க தம்பி. இருந்தா, எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

"எண்பது வருசம் கழிச்சி யாருங்க இருக்கப் போறா?" என்று ஆசிக் சிரித்தான். "மச்சான், கயித்த ஒரு இழுப்பு இழுத்தா எல்லாம் சரி. ரெண்டு இழுத்தா தூக்கிடுவேன்."

அஃப்சலுக்குச் சிரிப்பு வரவில்லை. இடுப்புக் கயிற்றின் மறுமுனையை ஆசிக்கின் கையில் கொடுத்துவிட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி இறங்கினான்.

ஏழு பாகம், நாற்பது அடிக்கு மேல் ஆழம். கலங்கிய பச்சைத் தண்ணீர் இறங்க இறங்கக் கறுத்துக்கொண்டே வந்தது. மேலே மோட்டாரின் உறுமல் தேய்ந்து, கடைசியில் தன் மூச்சு குழாயில் இழுபடும் கரகரப்பு மட்டுமே அவன் காதில் மிஞ்சியது. ஒரு மீன் இல்லை. ஒரு நண்டு இல்லை. குழாய்க் காற்றில் எப்போதும் வரும் டீசல் வாசனை சட்டென்று நின்று, நடிகர்கள் முகத்தில் அப்பிக்கொள்ளும் பவுடரின் வாசனை வந்தது.

சேற்றில் மூக்கைப் புதைத்து விமானம் கிடந்தது. பைலட் உட்காரும் இடத்தின் கண்ணாடி மூடி சாத்தியிருந்தது. கையிலிருந்த டார்ச்சை அதன்மேல் அடித்தான்.

உள்ளே தண்ணீர் இல்லை. தோல் தொப்பியோடு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். கண்ணாடியின் உட்புறம் முழுக்க நகக்கீறல்.

அந்த முகம் அவனுக்குத் தெரியும். போஸ்டரில் பார்த்த முகம். இடது உதட்டடியில் அதே மச்சம். இருபத்தைந்து வயதுக்கு மேல் ஒரு நாள்கூட ஆகாத தில்லைநாதன்.

கண் திறந்தது.

உதடு அசைந்தது. சத்தம் இல்லை. ஆனாலும் புரிந்தது.

'வீட்டுக்குப் போனது யாரு?'

அஃப்சல் கயிற்றைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்தான்.

பதிலுக்கு ஒரு இழுப்பு வந்தது. எல்லாம் சரி.

மறுபடி இரண்டு. வெறிபிடித்தவன்போல்.

மறுபடி ஒன்று. நிதானமாக.

அண்ணாந்து பார்த்தான். தலைக்கு மேலே கயிறு இல்லை.

கயிறு மேலே போகவில்லை. அவன் இடுப்பிலிருந்து நேர்க்கோடாக, விறைப்பாக, பக்கவாட்டில் கலங்கலுக்குள் போயிற்று. டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பினான்.

சேற்றின் மேல் ராஜவேல் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. குழாய் இல்லை. வாயிலிருந்து ஒரு குமிழிகூட வரவில்லை.

கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டே, ஒவ்வொரு அடியாக, அவர் நடந்து வந்தார்.