ஒட்டுப் போட்ட ஹீட்டர்

காலையிலிருந்தே மீன் சுவிட்ச் போர்டைப் பார்த்தபடி நின்றது.

வனஜா கூடத்தில் எந்தப் பக்கம் நடந்தாலும் கண்ணாடியோரமாகவே கூட வரும் மீன் அது. நெற்றி புடைத்த, சிவப்புக் கண் மீன். வாஸ்துவுக்கு நல்லது என்று மருமகள் ஸ்வாதி வாங்கி வைத்தது. இன்று தீனி போட்டும் அசையவில்லை. மேனாம்பேட்டில் விடாத மழை. அடைத்த ஜன்னல்களுக்குள் காயாத துணியின் வாடையும் தொட்டிப் பாசியின் வாடையும் ஒன்றாகக் கலந்து, மூச்சை இழுத்தால் தொண்டையில் வழுவழுப்பாகப் படிந்தன. தண்ணீர் சில்லென்றிருந்தது. ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரியவில்லை.

மீனை நினைத்து அவள் பயப்படவில்லை. மகன் சந்தோஷ் புனேவிலிருந்து ஃபோனில் சொன்னதை நினைத்துப் பயந்தாள். "எம்மா, ஸ்வாதியோடதுன்னு இப்போ அது ஒண்ணுதான் கீது. அதுவும் பூடுச்சுன்னா நான் இன்னாத்துக்கு அந்த ஊட்டுக்கு வர்றது?"

ஸ்வாதி செத்த பிறகு புனேவுக்குப் போனவன், இந்தப் பொங்கலுக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தான்.

மத்தியானம் மீன்கடை ஆசிக் நனைந்துகொண்டே வந்தான்.

"இன்னா தம்பி, பொழைக்குமா? என் புள்ள வர்றதுக்குள்ள செத்துகித்துப் பூடப்போவுது."

"கெட்டியாத்தான் கீதும்மா. ஊட்ல யாருக்குனா கண்டம் வந்தா மீனு வாங்கிக்கினு செத்துப்பூடும்னு சொல்லித்தான் நாங்களே விக்கிறோம். இது அவ்ளோ சீக்கிரம் வாங்காது போல."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். வனஜா சிரிக்கவில்லை. போன வருஷம் ஸ்வாதிக்கு வந்ததை அது வாங்கவில்லைதான்.

அவன் முதலில் பிளக்கைப் பிடுங்கினான். "சுவிட்ச நம்பவே கூடாதும்மா. பிளக்கு நம்ம கையில இருக்கணும், அப்பாலதான் தண்ணில கை." ஹீட்டரை வெளியே எடுத்துத் துணியால் துடைத்தவன் அப்படியே நின்றான். கண்ணாடிக் குழாயில் நீளமாக ஒரு விரிசல். அதன்மேல், தண்ணீர்க் குழாயில் ஓட்டை அடைக்கிற வெள்ளைப் பசை.

"இத்தப் போய் எவன் ஒட்டினது? மீனுக்கும் இந்தப் பசை விஷம். இதுல கரண்ட் வுட்டா கை வெச்ச ஆளு காலிம்மா."

பசையில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. ரேகைகளுக்குக் குறுக்கே அரிவாள்மனை வெட்டின் தழும்பு.

வனஜா தன் கட்டைவிரலை முந்தானைக்குள் மூடிக்கொண்டாள்.

விரிசலில் பசை பூசியவளும், பிறகு அந்த ஹீட்டரை அம்பத்தூர் ஏரியில் எறிந்தவளும் அவள்தான். ஸ்வாதியின் காரியம் முடிந்த மறுநாள், நடு ஏரியைப் பார்த்து வீசினாள். தவறி நடந்தது என்று எல்லோரும் அழுதுவிட்டுப் போயிருந்தார்கள். ஹீட்டர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு தொட்டியில் ஓடியது வேறு ஹீட்டர். புதிது. அவளே வாங்கியது.

ஆசிக் இன்னொன்றைப் பொருத்தினான். வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழேயே சொட்டட்டும் என்று வயரைத் தழைய விட்டான். "கண்ணாடி தண்ணிக்குப் பழகட்டும், அப்பால சுவிட்சு போடு" என்றான். பழையதைக் காகிதத்தில் சுற்றித் தானே எடுத்துக்கொண்டு போனான். வாசல்வரை போய் அவன் எடுத்துப்போவதைப் பார்த்த பிறகுதான் அவள் கதவைத் தாழிட்டாள்.

சாயங்காலம் சீக்கிரமே இருட்டிவிட்டது. பிளக்கைச் செருகினாள். சுவிட்ச் மேல் விரலை வைத்தபோது, இந்த ஒரு வருஷமாக அவள் மூடி வைத்திருந்தது திறந்துகொண்டது. சந்தோஷுக்கும் ஸ்வாதிக்கும் நசரத்பேட்டையில் தனிக்குடித்தனம்; பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. தொட்டியையும் கொண்டுபோகிறேன் என்று ஸ்வாதி ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றாள். போர்டின் பக்கத்தில் நின்ற வனஜா சொன்னாள்: "ஆஃப் பண்ட்டேன், கைய உள்ள வுடு."

மறதி. மறதி என்று தனக்கே சொல்லிச் சொல்லி ஏறக்குறைய நம்பியும் விட்டிருந்தாள். விரல்தான் மறக்கவில்லை. அன்று அது சுவிட்சைத் தொட்டது; தொட்டுவிட்டு, அழுத்தாமல் திரும்பி வந்தது.

இன்று அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

அடுப்படியில் உலை வைத்துக்கொண்டிருக்கும்போது வாடை வந்தது. மீன் வேகும் வாடை.

ஓடிவந்தாள். தொட்டியின் கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்து வழிந்தது. முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவே மீன் ஒருக்களித்துச் சிக்கியிருந்தது, செவுள் விரிந்து விரிந்து மூடியது. ஹீட்டரில் வெள்ளையாக ஏதோ. பசை. பசையில் விரல்.

சந்தோஷ். மீன் செத்தால் அவன் வரமாட்டான்.

பிளக்கைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. பிளக்கை இடது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிளக்கு நம்ம கையில. அப்பாலதான் தண்ணில கை.

வலது கையை முழங்கைவரை விட்டாள். தண்ணீர் ததும்பி அவள் பாதத்தில் கொட்டியது. மீனைத் தொட்டாள். அது துள்ளவில்லை. தானாகவே நழுவி வந்து அவள் உள்ளங்கைக்குள் படுத்தது.

போர்டின் பக்கம் ஈரக்காலடி ஒன்று.

"ஆஃப் பண்ணிட்டேன் அத்தை. கையை உள்ள விடுங்க."

பணிவான குரல். அவசரமே இல்லாத குரல்.

டக்.

கையை இழுத்தாள். வரவில்லை. விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. இடது கையில் பிளக்கின் கம்பிகள் சூடேறின. மேசைமேல் ஃபோன் அடித்தது. திரையில் சந்தோஷ். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

தொட்டிக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் மீன், காலையிலிருந்து முதல் தடவையாக, போர்டை விட்டுத் திரும்பி அவளைப் பார்த்தது.