மங்களேஸ்வரியின் கவனிப்பு

ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி சில நாளாக உறையை விட்டு வெளியே வரவில்லை. கட்டிலில் கிடந்தபடி நாகராஜன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தென்காசியில் சாரல் பிடித்திருந்தது. ஓட்டில் சன்னமாக விழும் சத்தத்துக்கு இடையே அடுக்களையில் நல்லெண்ணெய் காயும் வாசம் எழும்பி, காயாத துணிகளின் வாடையோடு கலந்து, அவருடைய கட்டிலைச் சுற்றி வந்து நின்றது.

பக்கவாதம் வந்தபோது மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைத் தொடை வழியாகக் குழாய் விட்டு எடுத்திருந்தார்கள். உயிர் பிழைத்தது. பேச்சும் பாதி உடம்பும்தான் திரும்பவில்லை. எதைச் சொல்ல வாயெடுத்தாலும் 'சரி' என்ற ஒரே சொல்தான் வந்து தொலைத்தது.

மனைவி மங்களேஸ்வரி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாவ? பிரஷர் ஏறக்கூடாது. ரத்தத்தை நீர்க்க வைக்கிற மாத்திரை சாப்பிடுதீய, தலையில சின்ன அடிகூடப் படக்கூடாது. பட்டா உள்ளுக்குள்ள கசியும்."

பார்க்க வருகிறவர்களிடம் ஒப்பிப்பது போலவே பிசகாமல் சொன்னாள். பிறகு உச்சியில் எண்ணெய் வைத்துத் தேய்த்தாள்.

"அருவிக்குப் போவமா?"

வேண்டாம் என்று கத்தினார். "சரி" என்றுதான் கேட்டது.

"நம்ம மவ ஸ்ரீமதி காய்ச்சல்ல கெடந்தப்ப, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்னு உங்க கால்ல விழுந்தேன். ஓடிப்போயிட்டு வந்தவ கெடந்து சாவட்டும்னு கதவைப் பூட்டுனீய. விடியுமுன்ன போய்ச் சேந்துட்டா."

அவள் குரல் உயரவே இல்லை.

பக்கத்துத் தெரு மாரிராஜ் ஆட்டோ கொண்டுவந்தான். "அருவித் தண்ணி பட்டா கைகால் வந்துரும் அண்ணாச்சி" என்று அவரைப் பிள்ளையைப் போல அள்ளி உட்காரவைத்தான். குற்றாலம் நெருங்க நெருங்க இரைச்சல் வந்தது. முதலில் காதில். பிறகு பல்லில். பிறகு மண்டைக்குள்.

மெயினருவியில் ஆண்கள் குளிக்கும் பக்கம் அவள் வரவில்லை. மாரிராஜும் அங்கே எண்ணெய் தேய்த்துவிடும் சொரிமுத்துவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கினார்கள். அக்கறையான கைகள். திமிறிப் பார்த்தார். பாதி உடம்பு அசையவில்லை.

"பயப்படாதீய அண்ணாச்சி. தலையைக் காட்டட்டுமா?" என்றான் சொரிமுத்து.

"சரி."

தண்ணீர் உச்சியில் இடித்தது. கல்லாக. மறுபடி. மறுபடி. கண்ணுக்குப் பின்னால் ஏதோ சூடாக இளகியது.

கம்பிக்கு அப்பால் மங்களேஸ்வரி நின்றாள். அவரைப் பார்த்தபடியே முந்தானையை எடுத்தாள். நெற்றிக் குங்குமத்தை மிச்சமில்லாமல் துடைத்தாள்.

அவருக்கு இன்னும் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது.