இடது கதவில் 640 மைக்ரான்

செவ்வாய்க்கிழமை, ஜூன் 16. காலை 10.20.

சர்வீஸ் சென்டர்க்காரர், பெயின்ட் கனத்தை மைக்ரானில் அளக்கும் கையடக்கமான மீட்டரை அந்த வெள்ளை எஸ்.யூ.வி.யின் பின்கதவில் வைத்தார். 118 என்றது. பானெட்டில் 121. இடது முன்கதவில் வைத்ததும் எண் எகிறியது. 640.

"கம்பெனி பெயின்ட் இவ்வளவு கனமா இருக்காதுங்க. கதவு அடி வாங்கியிருக்கு. பட்டி போட்டு மேல பூசியிருக்காங்க."

வண்டியின் சொந்தக்காரர் லிங்கசாமி அப்படியே கிளம்பினார். பதினோரு மணிக்குத் தன் பனியன் கம்பெனிக்குத் திரும்பியவர், கட்டிங் செக்‌ஷனில் அறுபது பேர் பார்க்க, டிரைவர் சரவணக்குமாரிடமிருந்து சாவியைப் பிடுங்கினார்.

"வண்டிய இடிச்சுப்போட்டு எனக்குத் தெரியாம பூசி மறைச்சிருக்கற. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஒத்துக்க. இல்லீன்னா ஸ்டேஷன்ல வந்து சொல்லு."

"நான் இடிக்கலீங்கய்யா."

பதினோரு வருஷமாக அவருக்கு வண்டி ஓட்டுகிறான் சரவணக்குமார். ஒரு கீறல் கிடையாது. ஆனால் போலீஸில் பெயர் ஏறிவிட்டால், அவிநாசியிலிருந்து பல்லடம் வரை எவனும் தன்னை நம்பி வண்டியைக் கொடுக்க மாட்டான் என்பது அவனுக்குத் தெரியும்.

சும்மா வாங்கிய வண்டியா அது? மூன்று வாரம் வீட்டில் பட்டிமன்றமே நடந்தது. லிங்கசாமியின் அக்கா மகன் நித்தீஷ், புது வண்டிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். லிங்கசாமியோ, அதே விலைக்கு மூன்று வருஷம் ஓடிய ஜெர்மன் வண்டியின் உச்ச மாடலே கிடைக்கிறதே என்றார். பெரிய இன்ஜின், பள்ளத்தில் இறங்கினாலும் டம்ளரில் தண்ணீர் தளும்பாத ஏர் சஸ்பென்ஷன். கதவைச் சாத்தினால் 'தொப்' என்று அடங்கும் அந்தச் சத்தத்திலேயே சரவணக்குமார் மயங்கிப்போனான். 6-ஆம் தேதி ராத்திரிச் சாப்பாட்டில் நித்தீஷ் திடீரென்று இறங்கி வந்தான். "பழசே எடுத்துக்கலாம் மாமா." 9-ஆம் தேதி வண்டி வீட்டுக்கு வந்தது.

பகல் 11.40. வண்டியை விற்ற பழைய கார் வியாபாரி ஆத்தப்பன் ஒரு காகிதத்தோடு வந்து சேர்ந்தார்.

"ஜூன் 2-ஆம் தேதி நீங்க அனுப்புன ஆளுதானுங்க மீட்டர் வெச்சுப் பார்த்தாரு. எல்லாக் கதவும் 120-க்குள்ள. 9-ஆம் தேதி வரைக்கும் வண்டி என்ற ஷெட்டுல பூட்டிக் கெடந்துச்சு. கோயமுத்தூர் டாக்டரம்மா ஓட்டுன வண்டி, தனி ஆளு. ஒரே கை. அதுக்கப்பறம் ஓட்டுனது உங்க டிரைவர்தானுங்களே."

அப்போதுதான், துணியின் நிறத்தைச் சரிபார்க்கும் ஷேடு லேபிலிருந்து ஜனனி வந்தாள். நூறு கறுப்புப் பனியன்களை வரிசையாகப் போட்டால், எழுபதாவது வேறு தொட்டியில் சாயம் ஏறியது என்று சொல்லிவிடும் கண் அவளுக்கு. வெளிநாட்டு பையர்களே அவள் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் துணியைத் தொடுவார்கள்.

"சார், நான் ஒருக்கா கதவப் பார்க்கட்டுங்களா?"

"பாரு அம்மிணி. பார்த்து என்ன ஆகப்போகுது?"

துணி பார்க்கும் சின்னப் பூதக்கண்ணாடியைக் கதவோடு ஒட்டி, அங்குலம் அங்குலமாக நகர்ந்தாள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம்.

"என்ன, கதவுக்கும் கலர் அப்ரூவல் குடுக்கறீங்களா?" என்று, கம்பெனியின் வெளிவேலைகளைப் பார்க்கும் நித்தீஷ் அருகில் வந்து சிரித்தான்.

"குடுத்துட்டேனுங்க. சரவணண்ணா, வந்து பாருங்க."

சரவணக்குமார் குனிந்தான். வெள்ளைப் பூச்சுக்குள்ளே முடியைவிட மெல்லிசாக மூன்று இழைகள் சிக்கியிருந்தன. கரும்பச்சை.

"பஞ்சுங்க" என்றான்.

"ஆமா. பெயின்ட் ஈரமா இருக்கறப்ப பறந்து வந்து ஒட்டியிருக்கு." பையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதே பச்சை. "சார், இது நம்ம குளிர்காலச் சட்டைக்குப் போட்ட சாம்பிள் துணி. பையர் வேண்டாம்னுட்டாரு. ஒரே ஒரு லாட்தான் ரைசிங்குக்குப் போச்சு."

ரைசிங் என்றால், துணியின் உள்பக்கத்தைக் கம்பிப் பற்களால் சீவிப் பஞ்சுபோல ஆக்குவது. அந்த மில்லைச் சுற்றிக் கால் பர்லாங்குக்கு, ஓடுகிற துணியின் நிறத்திலேயே தூசி பறக்கும்.

"சாமளாபுரம் ரோட்டு மில்லுங்களா?" என்றான் சரவணக்குமார். "பக்கத்துல ஒரு பெயின்ட் ஷெட் இருக்குதுங்க."

"அதேதான். பச்சை ஓடுனது ஜூன் 5, ஒரே நாள்."

"பஞ்சு பல நாள் கெடக்குமே?" என்று மறித்தார் லிங்கசாமி.

"கெடக்கும் சார். ஆனா 6-ல இருந்து இன்னிக்கு வரைக்கும் அங்க செவப்புத்தான் ஓடுது. பின்னாடி பூசியிருந்தா செவப்பும் ஒட்டியிருக்கணும். ஒண்ணுகூட இல்ல. கதவுக்குப் பூசுனது 5-ஆம் தேதி. வண்டி இவர் கைக்கு வந்தது 9-ஆம் தேதி."

ஆத்தப்பன் காகிதத்தை மடித்தார்.

"பூட்டிக் கெடந்த வண்டி அங்க எப்படிங்க போச்சு?" என்று ஜனனி அவரைக் கேட்டாள்.

"பசங்க யாராவது எடுத்திருப்பாங்க..."

ஜனனி நித்தீஷ் பக்கம் திரும்பினாள். "5-ஆம் தேதி பச்சை ஓடறப்ப மில்லுல நின்னது நீங்கதானுங்களே?"

"என்னோட வேலை அது. அதுக்காக? அந்தப் பழைய வண்டியில நான் உக்காந்ததே இல்ல."

"சரவணண்ணா, சீட்டு அளவ ஞாபகம் வெச்சுக்கற பட்டன்ல எதை வெச்சு ஓட்டறீங்க?"

"ஒண்ணுங்க. டாக்டரம்மா வெச்சது. எனக்குச் சரியா இருந்துச்சு, மாத்தவே இல்லீங்க. ஐயா பின்னாலதான் உக்காருவாரு."

"ஏறி உக்காந்து ரெண்டை அமுக்குங்க."

அமுக்கினான். இருக்கை அவனைத் தூக்கிக்கொண்டு பின்னால் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் நின்றபோது அவன் கால் பிரேக்கை எட்டாமல் அரை அடி தள்ளியே தொங்கியது. இதை வைத்தது டாக்டரம்மா இல்லை; அவருடைய ஒன்றாம் பட்டன் சரவணக்குமாருக்கே சரியாக இருந்தது. ஆத்தப்பனும் அவன் உயரம்தான். ஆறடி இரண்டு அங்குல உயரத்துக்கு அங்கே ஒருவன்தான் இருந்தான், நித்தீஷ்.

"ஓசை கேக்குது, அதுல கோளாறு, இதுல கோளாறுன்னு உங்க மாமாகிட்டச் சொல்றதுக்காக ஓட்டிப் பார்க்க வாங்கிட்டுப் போயிருக்கீங்க" என்றாள் ஜனனி. "இடிச்சுட்டீங்க. அடுத்த நாளே பழசு போதும்னு மனசு மாறிடுச்சு. எல்லாரும் கதவையே பார்த்தாங்க. ஏன் மாறுச்சுன்னு யாரும் கேக்கல."

"தம்பி, சொல்லீரு. இனிமே மறைக்க என்னால முடியாது" என்றார் ஆத்தப்பன்.

நித்தீஷ் தரையைப் பார்த்தான். "மில் கேட்டுத் தூணு மாமா. வண்டிய உங்கள வாங்க வெச்சா இடிச்சத வெளிய சொல்லமாட்டேன்னு இவர்தான்..."

"அதுக்கு இவன ஸ்டேஷனுக்கு அனுப்பலாம்னு இருந்தியா?" லிங்கசாமியின் குரல் உடைந்தது. ஆத்தப்பனிடம் திரும்பி, "வண்டிய எடுத்துட்டுப் போயிருங்க. மீதிய வக்கீல் பேசுவாரு" என்றார்.

பிறகு சரவணக்குமாரின் தோளைத் தொட்டார். "மனசுல வெச்சுக்காத சரவணா. போய்ச் சாப்புடு."

அவன் அசையவில்லை. "கட்டிங்ல வெச்சுச் சொன்னீங்கய்யா. அறுபது பேரு கேட்டாங்க."

லிங்கசாமி முன்னால் நடந்தார். கட்டிங் செக்‌ஷனில் மெஷின்களை நிறுத்தச் சொல்லி, நடுவில் போய் நின்று, "இடிச்சது சரவணன் இல்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

துணி அடுக்கிக்கொண்டிருந்த பழனாயி தலை நிமிராமலே சொன்னாள்: "எங்களுக்குக் காலையிலயே தெரியுமுங்க."