படிவத்தில் எழுதிய மச்சாள்

“தேத்தண்ணி வேண்டாம். நான் கடையிலை வாங்கிக் குடிக்கிறன்!”

றெஜினா கோப்பையைத் தள்ளிய வேகத்தில் பாதித் தேநீர் மேசையில் சிந்தியது. அன்ரனெற் துணி எடுத்துத் துடைத்தாள். துடைக்கும்போதே கண் கடிகாரத்துக்கு ஓடியது. ஆறு மணி ஐந்து நிமிடம். ஆறு பத்துக்கு பஸ். அதை விட்டால் சப்வே ரயில் பிந்தும், சப்வே பிந்தினால் நகரத்துக்கு அப்பாலுள்ள மிசிசாகாவுக்குப் போகும் பஸ்ஸும் பிந்தும்.

எட்டே முக்காலுக்கு அவள் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கவேண்டும். பல்கலைக்கழகக் கல்விப் பீடத்திலிருந்து மேற்பார்வையாளர் வந்து, பின்னால் உட்கார்ந்து, அவள் படிப்பிப்பதைப் பார்த்துப் புள்ளி போடப்போகிறார். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் முறையில் பெயர்போன பீடம் அது. அங்கே படித்தவர்களைப் பள்ளிக்கூடங்கள் தேடி எடுக்கும். பதினாறு வருடம் பேக்கரியில் நின்ற அன்ரனெற்றுக்கு நாற்பத்தாறு வயதில் அங்கே இடம் கிடைத்தது. இரண்டு வருடப் படிப்புக்கு இன்றுதான் தீர்ப்பு நாள்.

இன்று பார்த்தா இந்தச் சண்டை!

“மச்சாள், மூண்டு நாளா முகம் குடுத்துக் கதைக்கிறியள் இல்லை... நான் என்ன பிழை செய்தனான், சொல்லுங்கோ.”

“நீயோ? நீ என்ன பிழை செய்வாய்? டீச்சர் அம்மா! உன்னை முதல் எங்கட ஸ்கூலுக்குத்தான் போட்டவையாம். ‘அங்கை என்ரை ஆள் ஒண்டு வேலை செய்யுது’ எண்டு எழுதிக் குடுத்திட்டு மிசிசாகாவுக்கு ஓடினனியாம். மேசை துடைக்கிறவள் உன்ரை மச்சாள் எண்டு சொல்ல வெக்கம்... என்ன?”

“ஐயோ! அது ரூல், மச்சாள். சொந்தக்காரர் இருந்தா ஃபோமிலை எழுதத்தான் வேணும்...”

“அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை? ஆறு மாசமா ஏன் ஒளிச்சனீ?”

அன்ரனெற் மேசை துடைத்த துணியை மடித்தாள், திரும்பவும் விரித்தாள்.

றெஜினா அவள் கணவன் செல்வரட்ணத்தின் அக்கா; இவர்களோடுதான் இருக்கிறாள். வீட்டுக்குக் கிட்ட வெக்ஸ்போர்ட் பள்ளிக்கூடமொன்றில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. புருஷனைப் பறிகொடுத்துக் கிடந்தவளை எழுப்பி நிறுத்தியது அந்த லஞ்ச் ரூம்தான். பதினொரு வருடம். எந்தப் பிள்ளைக்குக் கச்சான் கடலை ஆகாது, எந்தப் பிள்ளை சாப்பாட்டைக் குப்பையில் போடும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லுவாள்.

அன்ரனெற் படிவத்தில் மச்சாளின் பெயரை எழுதியதும் பீடத்திலிருந்து பதில் வந்தது. பள்ளிக்கூடத்தோடு பேசிவிட்டோம், லஞ்ச் ரூம் அம்மாவை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றுவதில் அவர்களுக்கு ஒரு சிரமமும் இல்லை, நீங்கள் அங்கேயே போகலாம் என்று. வேண்டாம், அவர் அங்கேயே இருக்கட்டும், நான் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்று அன்ரனெற் எழுதினாள். பஸ், சப்வே, திரும்பவும் பஸ். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? ‘மச்சாள், உங்களை அனுப்ப அவை ஒரு நிமிசம்கூட யோசிக்கேல்லை’ என்றா? பையை எடுத்துத் தோளில் மாட்டினாள் அந்தப் பாவி.

சத்தம் கேட்டுச் செல்வரட்ணம் இறங்கி வந்தான். விமான நிலையத்தில் அவனுக்குப் பின்னேர வேலை. “விடியக்காலமை அக்காவை ஏன் அழப்பண்ணுறீர்? படிக்கப் போனதும் குடும்பம் கண்ணுக்குத் தெரியேல்லையோ?”

ஒரு வார்த்தை! ‘ஏறும், நான் கொண்டுபோய் விடுறன்’ என்று ஒரு வார்த்தை சொன்னானா? அக்காவுக்குக் குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டான். அன்ரனெற் சப்பாத்தின் கயிற்றைக்கூடக் கட்டாமல் ஓடினாள். பஸ்ஸின் பின்விளக்குத்தான் தெரிந்தது.

வகுப்பு வாசலை அடைந்தபோது மணி ஒன்பது பத்து. மேற்பார்வையாளர் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். பத்து மணிக்கு அவர் இன்னொரு மாணவியைப் பார்க்கவேண்டும். “திங்கட்கிழமை ஒரே ஒரு தடவை வருகிறேன். அதுவும் தவறினால் இந்தப் பயிற்சியை அடுத்த வருடம் திரும்பச் செய்யவேண்டும்” என்றார். கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள் அன்ரனெற்.

அதே மத்தியானம் வெக்ஸ்போர்ட் பள்ளிக்கூடத்தில், கோபம் ஆறாத றெஜினா நேரே உப அதிபரின் அறைக்குப் போனாள். என் தம்பி பெண்சாதி ஏன் இங்கே வர மாட்டேன் என்றாள் என்று கேட்டாள். அவருக்கென்ன தெரியும் இவர்கள் வீட்டுக் கதை? உங்களை மாற்ற நாங்கள் தயாராகத்தான் இருந்தோம், அவர்தான் விடவில்லை, நல்ல மனுஷி என்று சிரித்தபடி சொன்னார். றெஜினா நன்றி சொல்லிவிட்டு லஞ்ச் ரூமுக்கு வந்து, எல்லா மேசையையும் இரண்டாம் தரம் துடைத்தாள்.

பின்னேரம் அன்ரனெற் பஸ்ஸால் இறங்கியபோது, தரிப்பிடத்தில் குளிரில் விறைத்தபடி றெஜினா நின்றாள்.

“ஏனடி எனக்குச் சொல்லேல்லை...”

முகத்தைப் பார்த்ததும் அன்ரனெற்றுக்கு எல்லாம் விளங்கியது.

“என்னெண்டு சொல்லுவன் மச்சாள்? வெக்கமெண்டு சொன்னியள்... ஓம், வெக்கமாத்தான் இருந்தது. உங்களைக் கதிரை மாதிரித் தூக்கி வேறை இடத்திலை வைக்கலாமெண்டு அவை நினைச்சது எனக்குத்தான் வெக்கமா இருந்தது.”

றெஜினா அவளைக் கட்டிப்பிடித்து, பஸ்ஸுக்கு நின்ற சனம் பார்க்கப் பார்க்க அழுதாள். வீட்டுக்கு வந்ததும் தம்பிக்கு போன் போட்டாள். “திங்கக்கிழமை நீ இவளைக் காரிலை கொண்டுபோறாய். நானும் வாறன். மறுகதை கதைக்காதை!”

திங்கட்கிழமை எட்டு மணிக்கே மூவரும் மிசிசாகாவில் நின்றார்கள். அன்ரனெற் உள்ளே போனாள். வெளியே றெஜினா காருக்கும் வேலிக்கும் இடையில் நடந்தாள், செபமாலையை உருட்டினாள், தம்பியைக் காரணமில்லாமல் திட்டினாள். அவனும் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

பத்தேகாலுக்கு, பிள்ளைகள் இடைவேளைக்கு ஓடிவந்த சத்தத்தோடு அன்ரனெற்றும் வந்தாள். கையில் கையெழுத்திட்ட தாள். முகமே சொல்லிவிட்டது, சித்தியடைந்துவிட்டாள்! ஆனால் பின்னால் மேற்பார்வையாளரும் வருவதைக் கண்டதும் றெஜினா சட்டென்று காருக்குள் ஏறப்போனாள்.

“நீ கதை பிள்ளை... நான் உள்ளுக்கை இருக்கிறன். எனக்கேன் உவையளோடை கதை...”

அன்ரனெற் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து அவர் முன்னால் நிறுத்தினாள். இவர் என் கணவரின் அக்கா, பதினொரு வருடமாகப் பள்ளிக்கூடத்து லஞ்ச் ரூமில் பிள்ளைகளைப் பார்க்கிறவர் என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். மேற்பார்வையாளர் கையை நீட்டினார். றெஜினா அதைப் பிடித்துக்கொண்டே விம்மத் தொடங்கினாள்.

“அழாதேங்கோ மச்சாள்... எல்லாரும் பாக்கினம்.”

“பாக்கட்டும்!” என்றாள் றெஜினா. “நல்லாப் பாக்கட்டும்!”