எண்பது ஏக்கர் கொலை

அமெரிக்காவின் அயோவா மாநிலம். மாவட்டப் போலீஸான ஷெரீப்பின் ஆபீஸில் போன் அலறியது.

"கொலை" என்றது குரல்.

துணை ஷெரீப் கிரெட்சன் காபியைக் கீழே வைத்தாள். "செத்தது யாரு?"

"என் மக்காச்சோளம். எண்பது ஏக்கர். கொன்னது பக்கத்து வயல் டுவெய்ன். நீ வர்றியா, இல்ல நானே துப்பாக்கியை எடுக்கட்டுமா?"

வெர்லின்!

முன்கோபக்காரர். சொன்னதைச் செய்துவிடுகிற ரகம்.

ஜீப் பறந்தது.

வயலோரம் நின்ற பிக்கப் வண்டியின் பின்பலகையில், மடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார் வெர்லின். அவருக்குப் பின்னால்...

ஆளுயரப் பயிர் அத்தனையும் சாய்ந்து கிடந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம் டுவெய்னின் பயிர், அணிவகுப்புப் போலீஸ் மாதிரி விறைப்பாய் நின்றது.

"நேத்து காத்து பலமா அடிச்சுதே..." கிரெட்சன் இழுத்தாள்.

"காத்துக்கு என்மேல மட்டும் என்ன கோவம்? இவன் ஏதோ மருந்தை அடிச்சிருக்கான். விலங்கை எடு."

டுவெய்ன் நிதானமாக நடந்து வந்தார். துப்பாக்கியைப் பார்த்தார். குனிந்து, சாய்ந்த செடி ஒன்றை இழுத்தார்.

குச்சி மாதிரி கையோடு வந்தது.

வேரைக் காணோம்.

மிஞ்சியிருந்த வேர்த்துணுக்கில் வெள்ளையாய் ஒன்று நெளிந்தது.

"வேர்ப்புழு" என்றாள் கிரெட்சன்.

"இருக்கவே முடியாது." வெர்லின் சீறினார். "இது மரபணு மாத்தின விதை. செடிக்குள்ளயே விஷம் இருக்கு. கடிச்ச புழு செத்துடும்."

"செத்துதுப்பா. ஒண்ணு ரெண்டு தப்பிச்சிருக்கும்." டுவெய்ன் சிரித்தார். "அதுங்க சாதாப் புழுவைக் கட்டிக்கிட்டா, பொறக்கறது விஷத்துக்குச் சாகும். அந்தச் சாதாப் புழு வளரத்தான், ஓரமா கொஞ்சம் விஷமில்லாத சாதா மக்காச்சோளமும் போடச் சொன்னாங்க விதை கம்பெனியில. போட்டியா?"

"புழுவுக்கு எதுக்குடா நான் பந்தி வைக்கணும்?"

"அதான், தப்பிச்சது தப்பிச்சதையே கட்டிக்கிச்சு. நீயும் வருஷா வருஷம் மக்காச்சோளமே போட்டே. இப்ப மொத்தக் குடும்பத்துக்கும் உன் விஷம்தான் டிபன்."

"உங்க வயலுக்கு ஏன் வரல?" கிரெட்சன் கேட்டாள்.

"போன வருஷம் நான் சோயா போட்டேன். அதுல இந்தப் புழு பிழைக்காது. ஆனா இவன் வளர்த்ததெல்லாம் வண்டாகி என் பக்கம் பறக்கப் போகுது. அப்புறம் நான் எந்த விதையை நம்பறது?" சிரிப்பு நின்றது. "எழுதிக்கோம்மா. புகார் என்னோடது."

வெர்லின் துப்பாக்கியை மெல்ல வண்டிக்குள் தள்ளினார்.

"கிரெட்சன்... என்னை உள்ளே வெச்சிடுவியா?"

அவள் வயலை ஒருமுறை கண்ணால் அளந்தாள்.

"உங்க ஒருத்தருக்குன்னா இடமிருக்கு. நீங்க வளர்த்த புழுக் கும்பல்ல பல லட்சம் பேர் இருக்காங்களே... அவ்வளவு பெரிய லாக்கப் அயோவாவிலேயே கிடையாது!"