தலைவர் கையெழுத்தைக் காணோம்

காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருவதில் பேர்போன ஜெகநாதன் திருப்பதியில் காலைக் காப்பியை முடிப்பதற்குள், சித்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்து டெபோரா வந்து நின்றாள். பள்ளி ஆசிரியை, சர்ச் சபையார் நடத்தும் சிக்கன நாணய சங்கத்துக்குச் சம்பளமில்லாத செயலாளர்.

"ஐயா, தலைவர் ஆர்தர் அண்ணனோட கையெழுத்து டோக்கனைக் காணோம். பாக்க பென் டிரைவ் மாதிரியே இருக்கும், அதைக் கம்ப்யூட்டர்ல செருகினாதான் வரிக்கணக்கு தாக்கல் ஆவும். இன்னிக்குதான் கடைசி நாள். தவறுச்சுன்னா வரி விலக்கு போய்டும், ஜனங்க சேமிப்புல கை வைக்கணும். புதுசு வாங்கவும் இன்னிக்குள்ள ஆவாது."

"எங்கம்மா வெச்சிருந்தீங்க?"

"மேஜை டிராயர்ல, ஒரு தகர டப்பாவுல. கொயர் பாட்டு இருந்த ரெண்டு பென் டிரைவும் கூடவே போச்சு. அது போவுது, பாட்டுக்கு வேற காப்பி இருக்குது."

ஆர்தரைத் தவிர நேற்று அந்த அறைக்குள் போனவர்கள் மூன்றே பேர்: கிளார்க் காலேப், போன வருஷத் தலைவர் இஸ்ரேல், ஆர்தருக்கு டீ கொண்டுவந்த அவர் மனைவி ஜெயசீலி.

"எல்லாரும் காலேப்பைத்தான் சொல்றாங்க. சம்பளம் ஏத்திக் கேட்டான், நாங்க ஏத்தல. வேலையை வுட்டே அனுப்பணும்ன்றாங்க."

"அவனேதான் மாமா!" என்றான் தணிகாசலம். ஜெகநாதனின் மைத்துனன், வாடகைக் கார் வைத்திருக்கிறான். காலேப்பின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அதெல்லாம் அவனுக்கு ஒரு தடையா?

காரில் போகும்போது இஸ்ரேலைப் பற்றிக் கேட்டார் ஜெகநாதன். டெபோரா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவரு கையெழுத்துப் போட்ட கணக்குக்கு வரி ஆபீஸ்லேர்ந்து நோட்டீஸ் வந்துச்சு. ஆபீசுக்கும் வூட்டுக்குமா ஒண்டியா அலைஞ்சாரு. நாங்க யாரும் துணைக்குப் போவல. அந்தக் கோவம் அவருக்கு இன்னும் இருக்குது."

"அப்ப இஸ்ரேல்தான்!" என்று கட்சி மாறினான் தணிகாசலம்.

சங்க அறையில் ஆர்தர், ஜெயசீலி, இஸ்ரேல், சங்கத்து இயக்குநர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். காலேப் மட்டும் கதவோரம் தனியாக நின்றான். அழுது முடித்த கண்கள். பார்க்கவே பாவமாக இருந்தது.

ஜெகநாதன் காலியான டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"காலேப் தினம் டோக்கனைத் தொடறவரு. இஸ்ரேலும் போன வருஷம் இப்படி ஒரு டோக்கனை வெச்சுத்தான் கையெழுத்துப் போட்டாரு. ரெண்டு பேருக்கும் எது டோக்கன், எது பென் டிரைவ்னு நல்லாவே தெரியும். அவங்க எடுத்திருந்தா ஒண்ணைத்தான் எடுத்திருப்பாங்க. எடுத்தவங்களுக்கு வித்தியாசம் தெரியல. அதான் மூணையும் அள்ளிக்கினு போயிட்டாங்க."

"பாட்டுக்காக எடுத்திருந்தா, மாமா?"

"பாட்டுன்னா கேட்டாலே குடுப்பாங்களேடா."

ஜெயசீலி கைப்பையைத் திறந்து மூன்றையும் மேஜைமேல் வைத்தார். ஆர்தர் அதிர்ந்துபோய் மனைவியைப் பார்த்தார்.

"இஸ்ரேல் அண்ணன் பட்ட பாட்டைப் பார்த்தேன். இவருக்கு நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் வெச்சிருக்குது. ஒரு பைசா சம்பளம் இல்ல. கையெழுத்தே போடலன்னா வம்பு வராதுன்னு நெனைச்சேன்." காலேப் பக்கம் திரும்பினார். "உன் மேல பழி வுழும்னு நெனைக்கலப்பா. மன்னிச்சுடு."

ஜெகநாதன் குரலைத் தாழ்த்தினார். "உங்க பயம் நியாயம்தாம்மா. ஆனா இன்னிக்குக் கணக்கு போவலன்னாத்தான் நோட்டீஸ் வரும். அதுவும் தலைவர்ன்ற முறையில இவரு பேருக்கேதான் வரும்."

ஜெயசீலியின் முகம் வெளுத்துவிட்டது. கணவரைக் காப்பாற்றப் போய், அவரையே மாட்டிவிடப் பார்த்திருக்கிறார். சட்டென்று டோக்கனை எடுத்து ஆர்தரிடம் நீட்டினார். ஆனால் பிடியை விடவில்லை.

"போடுங்க. ஆனா நோட்டீஸ் வந்தா இவரு ஒண்டியா போவ மாட்டாரு. கூட யாரு வரீங்க? இப்பவே சொல்லுங்க."

இயக்குநர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இஸ்ரேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் வரேன்க்கா," என்றான் காலேப்.